சில்லைத் தேர்தலும் சொல்லைத் தேர்தலும்



இன்றைய பொழிவின் பொருள் உங்களுள் சிலருக்கு வியப்பைத் தந்திருக்கலாம். குறைந்த மின்சாரத்தில், குறைந்த செலவில் இயங்கும் தருக்கச் சில்லு ஒன்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி ஒரு மொழியியல் மாணவன் ஏன் பேச வேண்டும்? காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காட்டினர். பத்தாண்டுக்கு முன் அது 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருந்தது. இச்சரிவைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பாட்டையும் கதையையும் பட்டிமன்றத்தையும் நினைக்கிறோம். அவை வேண்டும். ஆனால் ஒரு மொழி எங்கே மெலிகிறது என்று பார்த்தால், முடிவெடுக்கும் இடத்தில்தான் முதலில் மெலிகிறது. “இது வேண்டும், அது வேண்டாம், ஏனெனில்...” என்று காரணம் காட்டிப் பேசும் இடத்தில் நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். ஆகவே இன்று ஒரே ஒரு பொறியியல் முடிவைத் தொடக்கம் முதல் இறுதி வரை தமிழிலேயே எடுத்துப் பார்ப்போம். திருவள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆராய்ந்து தேர்வது தமிழுக்குப் புதிய வேலை அன்று.

இந்த நகரில் அதற்கு ஏற்ற இடமும் இருக்கிறது. சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் தேக்கா சந்தையிலிருந்து புறப்பட்டுச் சிறிது தூரம் நடந்தால் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் நிற்கிறது. தடையமும் மின்தேக்கியும் பற்றவைக்கும் ஈயக் கம்பியும் தனித்தனியாக வாங்கக்கூடிய கடைகள் அங்கே உள்ளன. பூவும் வெற்றிலையும் வாங்கித் திரும்பும் வழியிலேயே ஒரு மின்சுற்றுக்கு வேண்டிய பொருளையும் வாங்கிவிடலாம். கடைவீதி இரண்டுக்கும் இருக்கும் நெருக்கம், நம் பேச்சில் இரண்டுக்கும் இல்லை.

பெயரிலிருந்து தொடங்குவோம்

ஆங்கிலத்தில் எஃப்பிஜிஏ என்று சுருக்கி அழைக்கப்படும் சில்லு எது? ஆலையில் செய்து முடிக்கப்பட்ட பிறகும், அதனுள்ளே இருக்கும் தருக்க உறுப்புகளின் இணைப்பைப் பயனர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு அது. இன்று அதை ஒலியைப் பகுக்கும் கருவியாக அமைக்கலாம். நாளை அதே சில்லை விளக்கு வரிசையை இயக்கும் கருவியாக மாற்றலாம்.

இப்பெயரைத் தமிழாக்குவதில் மூன்று முடிச்சுகள் உண்டு. முதலாவது, ‘ஃபீல்டு’ என்ற சொல். இயற்பியலில் இச்சொல்லுக்குப் ‘புலம்’ என்று வழங்குகிறோம். மின்புலம், காந்தப்புலம் என்பன அவ்வாறு வந்தவை. இங்கே அப்பொருள் இல்லை. ஆலைக்கு வெளியே, கருவி பயன்படும் இடத்தில் என்பதே கருத்து. எனவே ‘களம்’ என்பதே பொருந்தும். ‘புலம்’ என்று எழுதினால் மாணவர் மின்புலத்தைத் தேடிப் போவார்.

இரண்டாவது, ‘கேட்’. தமிழ்நாட்டில் ‘தருக்க வாயில்’ என்கிறார்கள். இலங்கைப் பாடநூல்கள் ‘தர்க்கப் படலை’ என்கின்றன. படலை என்பது யாழ்ப்பாணத்து வீட்டு வேலியில் திறந்து மூடும் கதவு. திறப்பதும் மூடுவதுமே இவ்வுறுப்பின் தொழில் என்பதால் படலை மிக அழகான ஆக்கம். வாயில் என்பது வழியை மட்டும் காட்டுகிறது. படலையோ அடைப்பையும் சேர்த்துக் காட்டுகிறது. எனினும் சிங்கப்பூர் மாணவருக்குப் பழகிய சொல் வாயில் என்பதால் இன்று அதையே ஆளுகிறேன்.

மூன்றாவது முடிச்சுதான் பெரியது. ‘செய்யத்தக்க’, ‘செய்யக்கூடிய’ என்று தனி வினைகளைக் கொண்டே தமிழ் இப்பொருளை உணர்த்தும். ஆங்கிலம்போல் ஒரே விகுதியால் உணர்த்துவதில்லை. ‘நிரல்படுத்தக்கூடிய’ என்று நீளமாகச் சொல்லலாம். ஆனால் ‘நிரல்’ என்றால் வரிசை, ஒழுங்கு. நம் இலக்கணத்தின் நிரனிறை என்ற பெயரிலும் அதே வரிசைப் பொருள்தான். கணினிக்கு எழுதும் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதால் அங்கே நிரல் பொருத்தம். இச்சில்லில் நடப்பது வேறு. உள்ளே அமையும் உறுப்புகள் அனைத்தும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. அதற்கு எழுதும் வெரிலாக் போன்ற மொழியும் ஏவல் மொழி அன்று. “இது இதனோடு இவ்வாறு இணைந்துள்ளது” என்று விவரிக்கும் மொழி. வினைமுற்றுகளின் தொடராக அதை எண்ணுபவர் தவறு செய்வார். பெயர்ப் பயனிலைகளின் தொகுப்பாக எண்ணுபவர் விரைவில் கற்பார். ஆகவே ‘அமைவுறு தருக்கச் சில்லு’ என்ற ஆக்கத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

சொல்லாக்கத்தில் இந்நகருக்கு அனுபவம் உண்டு. ‘டிஜிட்டல்’ என்பதற்கு இங்கே ‘மின்னிலக்கம்’ என்று எழுதுகிறோம். 2024 ஜூலையில் ஓர் அமைச்சின் பெயரிலேயே அச்சொல் ஏறியது. 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு நடந்ததும் இங்கேதான். நா. கோவிந்தசாமி போன்றோர் தமிழைத் திரையில் ஏற்றப் பாடுபட்ட ஊர் இது.

சிறிது வரலாறு

1978இல் மோனோலிதிக் மெமரீஸ் நிறுவனம் பிஏஎல் என்னும் சிறு தருக்கச் சில்லை வெளியிட்டது. ஒருமுறை அமைத்தால் மாற்ற இயலாத வகை அது. 1984இல் தொடங்கப்பட்ட சைலிங்ஸ் நிறுவனம் அடுத்த ஆண்டே எக்ஸ்சி2064 என்ற சில்லைக் கொண்டுவந்தது. அதில் இருந்தவை 64 தருக்கக் கட்டங்களே. இன்று ஒரு சிறு சில்லிலும் சில ஆயிரம் உண்டு.

நம் அருகிலும் சான்றுகள் இருக்கின்றன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய எக்ஸ்-சாட் துணைக்கோள் 2011 ஏப்ரல் 20ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி16 ஏவுகணையில் விண்ணேறியது. 20 செயலிகளைக் கொண்ட இணைச்செயலாக்கப் பகுதி அதில் இருந்தது. அச்செயலிகளை இணைக்கும் பணியை அமைவுறு சில்லுகள் செய்தன. சென்னை ஐஐடியின் சக்தி செயலித் திட்டத்திலும், வடிவமைப்பை இத்தகைய சில்லுள்ள பலகையில் ஏற்றி இயக்கிப் பார்க்கிறார்கள்.

நம் பணி

இனி ஒரு பணியை எடுத்துக்கொள்வோம். நம் முதியவர்களின் பேச்சுத்தமிழைப் பதிவு செய்ய வேண்டும். வீவக வீட்டு வரவேற்பறையில், குடும்பத்தாரின் இசைவோடு, ஒரு சிறு கருவியை வைக்கிறோம். பேச்சு எழும்போது மட்டும் அது விழித்துப் பதிய வேண்டும். இரண்டு மின்கலங்களில் பல வாரம் இயங்க வேண்டும். ஒரு பள்ளி தன் செலவில் 20 கருவிகளைச் செய்யக்கூடிய விலையில் இருக்க வேண்டும்.

முதற்கேள்வி: அமைவுறு சில்லு இதற்குத் தேவையா? பலர் இக்கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். ஒரே ஒலிவாங்கி போதும் என்றால் விலை குறைந்த நுண்கட்டுப்படுத்தியே இதைச் செய்துவிடும். நாம் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பாட்டியும் பேரனும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் பேசுவார்கள். இருவர் குரலையும் பிரிக்க வேண்டுமானால் நான்கு ஒலிவாங்கிகள் வேண்டும். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு ஒலிவாங்கிகளுக்கு இடையே ஒலி கடக்கும் நேரம் ஏறத்தாழ 0.3 மில்லிநொடி. நொடிக்கு 16,000 மாதிரி எடுத்தால், அந்நேரத்தில் ஐந்து மாதிரிகூட முழுமையாக வராது. அச்சிறு வேறுபாட்டைக் கொண்டுதான் பேசுவோரைப் பிரிக்கிறோம். ஆகவே நான்கையும் ஒரே கணத்தில் அளக்க வேண்டும். மின்னிலக்க ஒலிவாங்கி தரும் ஒற்றைப் பிட்டு ஓட்டங்கள் நான்கையும் ஒருசேர வடிகட்டுவது அமைவுறு சில்லுக்கு இயல்பான வேலை. தேவை உறுதியாயிற்று.

மின்செலவு

மின்செலவு இரு வகை. சில்லு எதுவும் செய்யாதபோதும் கசியும் செலவு ஓய்வுச் செலவு. உள்ளே வாயில்கள் திறந்து மூடும்போது ஆகும் செலவு இயக்கச் செலவு. இரண்டாவது, கடிகாரத் துடிப்பின் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் கூடும். 3.3 வோல்ட்டில் இயங்குவதை 1.2 வோல்ட்டுக்கு இறக்கினால் இயக்கச் செலவு ஏறத்தாழ 13 விழுக்காடாகச் சுருங்கிவிடும். இயன்றவரை மெதுவாக, இயன்றவரை குறைந்த அழுத்தத்தில் இயக்குக என்பதே முதல் விதி.

ஓய்வுச் செலவின் முக்கியத்துவத்தை ஒரு சிறு கணக்கு காட்டும். கைக்கடிகாரத்துக் காசு மின்கலம்போன்ற சிஆர்2032 ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர்-மணி கொண்டது. 10 மில்லிஆம்பியர் இழுக்கும் சில்லு அதை 22 மணி நேரத்தில் தீர்த்துவிடும். 25 மைக்ரோஆம்பியர் இழுக்கும் சில்லோ 8,800 மணி நேரம், அதாவது ஓர் ஆண்டு வைத்திருக்கும்.

அடுத்தது, அமைவை நினைவில் வைத்திருக்கும் முறை. ஒருவகைச் சில்லு மின்சாரம் போனதும் தன் அமைவை மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் பக்கத்திலுள்ள நினைவகத்திலிருந்து மீண்டும் படிக்கும். இது எஸ்ரேம் வகை. மற்றொரு வகை மறப்பதில்லை. மின்சாரம் வந்தவுடன் எழுந்துவிடும். இது ஃபிளாஷ் வகை. இக்லூ நானோ என்ற ஃபிளாஷ் வகைக் குடும்பத்தில் மிகச் சிறிய சில்லு 2 மைக்ரோவாட்டில் உறங்கும் என்று அதன் தரவுத்தாள் சொல்லும். லாட்டிஸ் நிறுவனத்தின் மேக்எக்ஸ்ஓ2 குடும்பத்தில் மிகச் சிறியதற்கு அது 22 மைக்ரோவாட். அதே நிறுவனத்தின் ஐஸ்40 அல்ட்ராபிளஸ் 100 மைக்ரோஆம்பியர் அளவில் ஓய்வில் இருக்கும், 1.2 வோல்ட்டில் அது 120 மைக்ரோவாட். எண்ணை மட்டும் பார்த்தால் இக்லூ நானோவே வெல்லும். ஆனால் அந்த எண் மிகச் சிறிய சில்லுக்கு, கடிகாரம் நின்ற நிலையில், அறை வெப்பத்தில் அளந்தது. தரவுத்தாளின் முதற்பக்கம் ஒரு சிறப்புப் பாயிரம் போன்றது. நூலைப் படிக்காமல் பாயிரத்தை வைத்து மதிப்பிடலாகாது.

நூலைப் படிக்கும்போதுதான் மொழியியல் உள்ளே நுழைகிறது. நம் கருவி குரலைக் கேட்ட பிறகு விழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் சொல்லின் முதலில் வரும் வல்லின மெய்யில், அடைப்பு விடுபடுவதற்கும் குரல்நாண் அதிர்வதற்கும் இடைப்பட்ட நேரம் பெரும்பாலும் 10 முதல் 30 மில்லிநொடி. அதற்கு முன்னுள்ள அடைப்போ முழு மௌனம். எஸ்ரேம் வகையான ஐஸ்40 சில்லை முழுதும் அணைத்துவிட்டு எழுப்பினால், அதன் அமைவுக் கோப்பு ஏறத்தாழ 104 கிலோபைட்டு; நொடிக்கு ஒரு கோடிப் பிட்டு வேகத்தில் படித்தாலும் 83 மில்லிநொடி ஆகும். அதற்குள் முதல் மெய் போயே போய்விட்டது. ‘கல்’, ‘பல்’ இரண்டும் ‘அல்’ என்று பதிவாகும். முதியவர் ஒருவர் சொன்னது கல்லா பல்லா என்று பின்னர் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. அவரைக் கேட்கும் வாய்ப்பும் ஒருநாள் இல்லாமற்போகும்.

உடனே எழும் ஃபிளாஷ் வகையாலும் இக்குறை முழுதும் தீராது. குரல் எழுந்ததைக் கண்டறிவதற்கே சில பத்து மில்லிநொடி வேண்டும். தீர்வு வேறு: கருவி எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்து, கடைசிச் சில நொடி ஒலியை நினைவில் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு என்று உறுதியானதும் அந்தப் பழைய நொடிகளையும் சேர்த்துப் பதிய வேண்டும். இதற்கு நினைவகம் தேவை. 16,000 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட்டு எனில் ஓர் ஒலிவாங்கிக்கு நொடிக்கு 256 கிலோபிட். இக்லூ நானோவில் உள்ள நினைவகம் 36 கிலோபிட்டைத் தாண்டாது. நொடியின் ஏழில் ஒரு பங்குதான் தேறும். அல்ட்ராபிளஸ் குடும்பத்தின் 5,280 தருக்க உறுப்புகள் கொண்ட சில்லில் 1,024 கிலோபிட் தனி நினைவகம் உள்ளேயே இருக்கிறது. அதில் நான்கு நொடி ஒலியைச் சேர்க்கலாம். ஓய்வில் அதிகம் செலவழிக்கும் சில்லே நம் பணிக்கு உரியதாகிறது.

இன்னும் ஒரு கணக்கு. ஒலிவாங்கி ஒன்றுக்கு 0.6 மில்லிஆம்பியர் என்றும், கேட்டுக்கொண்டிருக்கும் சில்லுக்கு 1 மில்லிஆம்பியர் என்றும் கொள்வோம். நான்கும் விழித்திருந்தால் மொத்தம் 3.4, 2,500 மில்லிஆம்பியர்-மணி மின்கலம் 30 நாள் காத்திருக்கும். சில்லின் செலவைப் பாதியாக்கினால் 36 நாள் ஆகும். அதை விட்டு, காத்திருக்கும்போது ஒரே ஒலிவாங்கியை விழிக்க வைத்து மற்ற மூன்றையும் உறங்கவிட்டால் 65 நாள் ஆகும். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே அடைக்க வேண்டும். சில்லின் தரவுத்தாளை மட்டும் உற்றுப் பார்ப்பவருக்கு அந்த ஓட்டை தெரியாது.

பணச்செலவு

சில்லின் விலை சில வெள்ளிதான். அதைச் சுற்றி நிற்பவற்றின் செலவே பெரிது. முதலில் உறை. அல்ட்ராபிளஸின் மிகச் சிறிய உறை 2.15க்கு 2.55 மில்லிமீட்டர், அடியில் 30 ஈயக் குமிழ்கள். கையால் பற்றவைக்க இயலாது. பலகையும் நுட்பமானதாக வேண்டும். அதே சில்லு 7 மில்லிமீட்டர் சதுர உறையிலும் 48 கால்களோடு கிடைக்கிறது. பழகிய மாணவர் வெப்பக்காற்றைக் கொண்டு பள்ளிப் பட்டறையிலேயே அதைப் பதிக்கலாம். அடுத்து, 1.2 வோல்ட் தரும் சீராக்கி, அமைவைத் தாங்கும் நினைவகச் சில்லு, மென்பொருள் உரிமம் ஆகியவை. ஐஸ்40 குடும்பத்துக்கு 2015 முதல் ஐஸ்ஸ்டார்ம் என்ற திறந்த மூலக் கருவித்தொகுதி இருக்கிறது. உரிமச் செலவு இல்லை. மாணவர் கருவியின் உள்ளே புகுந்து பார்க்கலாம் என்பதும் கூடுதல் நன்மை.

கடைசியாக, நாளையும் கிடைக்குமா என்ற கேள்வி. குறைமின் சில்லு என்றாலே ஒருகாலத்தில் சொல்லப்பட்ட பெயர் கூல்ரன்னர்-2. சைலிங்ஸை 2022இல் வாங்கிய ஏஎம்டி நிறுவனம், 2024இல் அக்குடும்பத்தை நிறுத்துவதாக அறிவித்தது. பாடத்திட்டத்தை அதன்மேல் கட்டியவர் மீண்டும் அடித்தளம் போட வேண்டும். மலிவு என்பதில் வாழ்நாளும் அடங்கும்.

முடிவும் அதன் மொழியும்

நம் முடிவு இது: 48 கால் உறையில் ஐஸ்40 அல்ட்ராபிளஸ். பணி வேறாக இருந்தால் முடிவும் வேறாகும். சாளரம் திறந்ததா என்று நாளுக்கு இருமுறை உணர்த்தும் கருவிக்கு, உறங்குவதில் வல்ல ஃபிளாஷ் வகையே தகும்.

ஆசிரியப் பெருமக்களே, இம்முடிவை எடுக்க நாம் பயன்படுத்திய இலக்கணத்தைக் கவனியுங்கள். ‘எனில்’, ‘ஆகவே’, ‘என்று கொள்வோம்’ என்பனவே வாதத்தைத் தாங்கின. கலைச்சொற்கள் மிகப் பல தேவைப்படவில்லை. அவற்றுள்ளும் வோல்ட், ஃபிளாஷ், பிட்டு போன்றவற்றைக் கடனாகவே வைத்துக்கொண்டோம். திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் வகுத்த தொல்காப்பியர் இதைக் குறை சொல்லமாட்டார். கலைச்சொல் இல்லை என்பதால் தமிழில் பேச முடியவில்லை என்பது பெரும்பாலும் சாக்கு. வாதத்தைக் கோக்கும் இணைப்புச் சொற்களில் பயிற்சி இல்லை என்பதே மெய்யான குறை. அக்குறையைத் தமிழ் வகுப்பில் நீக்கலாம். மாணவர் ஏற்கெனவே அறிந்த ஒரு தொழில்நுட்பத் தேர்வை, அது மிதிவண்டியாக இருக்கட்டும், கைத்தொலைபேசியாக இருக்கட்டும், இரண்டு பொருள்களையும் ஒரு பணியையும் கொடுத்து, எண்களோடு காரணம் காட்டி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பொருளைப் புகழவோ இகழவோ வேண்டாம், தேர்ந்தெடுத்தால் போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இக்கருவியை நீங்கள் செய்யலாம். பொருள்கள் இந்நகரிலேயே இருக்கின்றன. ரப்பர்த் தோட்டத்துத் தமிழையும் துறைமுகத்துத் தமிழையும் பேசியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் வாயிலிருந்து எழும் முதல் மெய்யெழுத்தையும் இழக்காமல் பதிய ஒரு சில்லால் இயலும். அதைச் செய்யும்போது உங்களுக்குள் நடக்கும் வாதத்தைத் தமிழிலேயே நடத்துங்கள். அவ்வாதத்தையும் எழுதி வையுங்கள். அதுவும் எங்களைப் போன்றோர்க்குத் தரவுதான்.